வசந்தாவின் இடது கன்னம்

1

ஆரணிக்காரர்களில் பாதிப் பேருக்கு என் தங்கை வசந்தாவைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாவிட்டாலும், கன்னத்தில் கட்டி இருப்பதாக அமெரிக்க மிஷின் சொன்ன பெண் என்றால் தெரியும். அந்தப் பாதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

போன சனிக்கிழமை என் கணவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஒரு விருந்து நடந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கூடம் தொடங்கிப் பத்து வருஷம் நிறைந்ததாம். விருந்து என்றதும் இலை போட்டிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு தட்டில் குச்சியில் குத்திய பாலாடைக்கட்டி, இன்னொரு தட்டில் பச்சைக் காரட். வெளியே முழங்கால் அளவு பனி. பட்டுப்புடவைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நானும் போயிருந்தேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் பட்டுப்புடவைகள் எல்லாம் பூட்ஸோடுதான் வெளியே போய்வருகின்றன.

விருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து இன்று காலை வரை என்னோடு பேசவும் இல்லை. வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்து வெகு நாளாயிற்று.

2

இவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று ஊரில் யாராவது கேட்டால் என் அப்பா "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவார். நான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

ஒரு முட்டையைப் போட்டோ எடுக்கிறோம். போட்டோ தட்டைக் காகிதம்தான். ஆனாலும் பார்த்தவுடன் முட்டை உருண்டை என்று நமக்குத் தெரிகிறது. விளக்கைப் பார்த்திருக்கும் பக்கம் வெளுத்திருக்கிறது, விளக்கை விட்டுச் சரியச் சரியக் கறுக்கிறது. அந்த வெளுப்பையும் கறுப்பையும் புள்ளி புள்ளியாக எண்ணாக மாற்றிக் கொடுத்தால், எந்த இடம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சரிவுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் மேடும் பள்ளமும் கிடைத்துவிடும். ஒரே ஒரு படம் போதும். சந்திரனில் மேடு பள்ளம் பார்ப்பதற்குக்கூட இந்த மாதிரிக் கணக்குப் போட்டிருக்கிறார்களாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருள் முழுக்க ஒரே நிறமாக, பளபளப்பில்லாமல் இருக்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டி, முட்டை, பவுடர் போட்ட முகம் இவையெல்லாம் இவருக்கு நல்ல பிள்ளைகள். ஒருமுறை என் முகூர்த்தப் புடவையைப் படமெடுத்துக் கொடுத்துப் பார்த்தார். மடிப்பே இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் மலை மலையாகக் காட்டியது. "பட்டு பொய் சொல்ற துணி," என்றார். தறிக்காரர் மகளிடம் சொல்கிறோமே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை.

நிறத்துக்கும் சரிவுக்கும் அந்தக் கணக்குக்கு வித்தியாசம் தெரியாது. கறுப்பாக இருந்தால் சரிவு, அவ்வளவுதான். அதனால் முகத்தைக் கொடுக்கும்போது தலைமுடி, புருவம், கண், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் இவர் கையாலேயே விலக்கிவிடுவார். மீதி இருக்கும் தோலை மட்டும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

3

எழுபதுகளின் கடைசியில் வசந்தாவுக்கு வரன் பார்த்தோம். பையன் போளூர்க்காரன். அவனுடைய அப்பா அங்கே அரிசி மில் வைத்திருந்தார். பையன் அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். சாம்பார் சாப்பிட மாதம் ஒருமுறை காரோட்டிக்கொண்டு வருவான். அம்மா அனுப்பிய போட்டோவை அவனிடம் கொடுத்தேன். பார்த்தான், பார்த்தான், டீ ஆறிப்போனது. கடைசியில் என் கணவரிடம், "எனக்குப் பிடிச்சிருக்குங்க, சார்," என்றான். போட்டோவை மட்டும் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தான்.

அவனுடைய போட்டோவைப் பார்த்த வசந்தா எனக்கு எழுதினாள்: 'மீசையை எடுக்கச் சொல்லாதே அக்கா, நல்லாத்தான் இருக்கு.' இதைவிடப் பொருத்தமான கல்யாணத்தை நான் கேள்விப்பட்டதில்லை. தை மாதம் பையன் லீவில் வந்து நிச்சயம் செய்துகொள்வது என்று பேசி முடித்தார்கள்.

இவருக்கு ஆசை வந்துவிட்டது. அந்தப் போட்டோவைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, வந்த கணக்கைப் பல்கலைக்கழகப் பட்டறையில் இருக்கும் செதுக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்து, பிளாஸ்டர் கட்டியில் வசந்தாவின் முகத்தைச் செதுக்க வைத்தார். மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பரிசாம். நம் ஊரில் இப்படி ஒரு பரிசை யாரும் பார்த்திருக்க முடியாது என்று குதித்தார். அது மட்டும் உண்மை.

முகம் வந்தது. மொட்டைத் தலை, மூடிய கண், வெள்ளை வெளேரென்று. மூக்கு வசந்தாவின் மூக்கு, உதடு அவளுடையது. இடது கன்னத்தில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு.

"உன் தங்கச்சிக்குக் கன்னத்துல என்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லியே."

"படத்துல இருக்கு."

"நான் அவகூட ஒரே பாய்ல படுத்தவ. ஒண்ணும் இல்லன்னா இல்ல."

"நீ பார்த்து ஆறு வருஷம் ஆச்சு," என்றார் மிகவும் பொறுமையாக. இவர் பொறுமையாகப் பேசினால் என்னை முட்டாள் என்று முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடலாம் என்றேன். ஏதோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோலப் பதறினார். "டேட்டாவைத் தொடக் கூடாது. இன்னைக்கு இதைத் தேய்ச்சா நாளைக்கு எதை வேணும்னாலும் தேய்க்கலாம்," என்றார்.

நிச்சயத்துக்காக நானும் எங்கள் மகள் உமாவும் முன்னாலேயே ஊருக்குக் கிளம்பினோம். அப்போது உமாவுக்கு நான்கு வயது. நான் கிளம்பும்போது அந்த முகம் இவருடைய மேசையில்தான் இருந்தது. அங்கேயே இருந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

4

போளூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பழத்தட்டு, பூத்தட்டு எல்லாம் இறங்கின. கடைசியாகப் பையனின் அம்மா துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

கூடத்தில் தறியை ஒதுக்கி ஜமக்காளம் விரித்திருந்தோம். அந்த அம்மாள் உட்கார்ந்து துண்டைப் பிரித்தார். நான் கிளம்பிய பிறகு இவர் பையன் கையில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டர் முகம். என் அம்மா முதலில் பார்த்துவிட்டு, "ஐயையோ, என் பொண்ண மொட்ட அடிச்சி வச்சிகிறாங்களே," என்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"எம்மா, இப்பிடி வெளிச்சத்துக்கு வா," என்றார் அந்த அம்மாள். வசந்தா வந்து நின்றாள். பிளாஸ்டரை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டை விரலால் அவள் இடது கன்னத்தை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

"அது ஒண்ணும் இல்லீங்க, பொம்ம பண்ணவங்க தப்பா பண்ணிட்டாங்க," என்றார் அப்பா.

"இன்னாங்க அப்டி சொல்லிட்டீங்க? சந்திரன்ல பள்ளம் எங்க கீதுன்னு இங்கருந்தே சொல்ற மிஷினுங்க. உங்க பொண்ணு கன்னத்த தப்பா சொல்லிடுமா? மேல தெரியாதுங்க. உள்ள இருக்கும்."

சந்திரனையே சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டால் ஆரணியில் யார் எதிர்த்துப் பேசுவது? பையனைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும், அவன் படித்தவன். அவன் ஜமக்காளத்தில் இருந்த கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் எடுத்துக் கொடுத்ததும் மற்றவர்களுக்கும் கை துறுதுறுத்தது. அத்தைக்காரி வந்து அழுத்திப் பார்த்தாள். பெரியம்மா முறை ஒருத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அழுத்தினாள். வேனில் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரிகூட விடவில்லை. வசந்தா அசையாமல் நின்றாள். கடைசி ஆள் கையை எடுத்ததும், "எல்லாரும் அழுத்தியாச்சுங்களா? காபி ஆறிகினு கீது," என்றாள்.

அத்தனை விரல் பட்டால் யாருடைய கன்னமும் என்ன ஆகும்? சிவந்து, லேசாகப் புடைத்துவிட்டது. அத்தைக்காரி அதைச் சுட்டிக்காட்டி, "தோ பாரு, இப்பவே வீங்கிகினு வருது," என்றாள். பழத்தட்டுகள் திரும்ப வேனில் ஏறின. காபியை யாரும் குடிக்கவில்லை. பிளாஸ்டர் முகத்தை மட்டும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

5

அன்று சாயங்காலம் போட்டோவின் இன்னொரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்டேன். இடது கன்னத்தில் மெல்லிய நிழல்போல ஒன்று இருந்தது. அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"திருஷ்டி மை வச்சேன்டி! அன்னிக்கு அவ அவ்ளோ அழகா இருந்தா. ஊர் கண்ணு படக் கூடாதுன்னு கன்னத்துல ஒரு பொட்டு வச்சிதான் இட்டுகினு போனேன். ஸ்டூடியோக்காரன் 'அது இன்னாம்மா கொழந்தைக்கு வச்சா மாரி, ஜல்தியா தொடைங்க'ன்னான். முந்தானையால தொடச்சேன். இழுத்துகினு போயிடுச்சி போல."

பொட்டாகவே இருந்திருந்தால் இவர் கண்டுபிடித்து விலக்கியிருப்பார். துடைத்ததால் ஓரம் கலைந்து நிழலாகிவிட்டது. கறுப்பாக இருந்தால் சரிவு. முகம் வெளிப்பக்கம்தான் புடைத்திருக்கும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்ததால், அது தன் கடமையைச் செய்து அங்கே ஒரு கட்டியை வைத்துவிட்டது.

அப்பா மறுநாளே பஸ் பிடித்துப் போளூருக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மில்காரர் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, "மை எப்படிங்க கட்டியா ஆவும்?" என்றார். நியாயமான கேள்விதான். அப்பா அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்.

பிறகு வேலூருக்குக் கூட்டிக்கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் என் கணவரின் சொந்த ஊரான கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டார். வசந்தாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்ற செய்தி எங்களுக்கு முன்பே ஆரணிக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒன்றும் இல்லாதவளை எதற்கு அவ்வளவு தூரம் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்வது? அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு விசாரித்துவிட்டுத் திரும்பின.

6

நான் அந்தப் பிளாஸ்டரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, இவர் முன்னால் வைத்து, மை கதையைச் சொன்னேன். தலை குனிவார் என்று எதிர்பார்த்தேன். இவர் எழுந்து குதித்தார். "நிறம்! அது சரிவு இல்ல, நிறம்!" என்று சொல்லி என் நெற்றியில் முத்தமிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என் நெற்றியில் முத்தமிட்டது அன்றுதான்.

நிறத்தையும் சரிவையும் பிரிப்பது எப்படி என்று அதற்கப்புறம் அதே வேலையாக இருந்தார். விளக்கை இடம் மாற்றி இரண்டு படம் எடுக்க வேண்டும். விளக்கு நகர்ந்ததும் மாறுவது சரிவு, மாறாதது நிறம். இதை நிரூபிக்க அதே முகம் வேண்டும், அதே மை வேண்டும் என்று வசந்தாவுக்கே எழுதினார். நான் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன் என்றேன். அவரே போட்டார்.

வசந்தா போனாள். அதே ஸ்டூடியோவுக்கு, அதே புடவையில், கன்னத்தில் மை தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தன் கன்னம் வழவழப்பானது என்று மிஷினே சொல்லிவிடும், அந்த முகத்தைப் போளூருக்குக் காட்டலாம் என்று நம்பினாள். மிஷினும் சொன்னது. இரண்டாவது முகம் கட்டி இல்லாமல் வந்தது. அதைப் பற்றி இவர் எழுதிய கட்டுரையில் இரண்டு முகங்களின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. அவள் பெயர் மட்டும் வரவில்லை. இவருக்கு வேலை நிரந்தரமானது. நாங்கள் இப்போது இருக்கும் வீட்டை அந்த வருஷம்தான் வாங்கினோம்.

அந்த நல்ல முகத்தை நான் பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப் போனேன். இறங்கிய விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் தட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இது? சாமியா?"

"என் தங்கச்சிங்க."

"செத்துட்டாங்களா?"

"இல்லீங்க."

அது அவருக்கு இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது. உயிரோடு இருப்பவளின் முகத்தைப் பிளாஸ்டரில் எதற்குக் கொண்டுவர வேண்டும், உள்ளே தங்கம் இருக்கும் என்று கணக்குப் போட்டார். ஒரு நீளமான ஊசிக் கம்பியைக் கொண்டுவரச் சொல்லி, எங்கே குத்தலாம் என்று யோசித்து, சதைப்பிடிப்பான இடமாகப் பார்த்து இடது கன்னத்திலேயே இறக்கினார். பிளாஸ்டர் பொலபொலவென்று உதிர்ந்தது. "போலாம்மா," என்றார். கட்டி இருந்த இடத்தில் இப்போது பள்ளம். வசந்தா அதை வாங்கி விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பரணில் போட்டாள்.

போளூர்ப் பையன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு குழந்தைகள். இப்போதும் தீபாவளிக்கு எங்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான். வசந்தா ஆரணியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

7

கட்டியோடு வந்த முதல் முகம் இவருடைய ஆராய்ச்சிக்கூடத்தின் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பிழைக்கு நல்ல உதாரணமாம். மாணவர்கள் அதற்கு லம்ப்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டி உள்ளவள் என்று சொல்லிக்கொள்ளலாம். பரீட்சைக்குப் போகும்போது அதிர்ஷ்டத்துக்காகக் கட்டை விரலால் கட்டியை ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். இத்தனை வருஷத்தில் அந்த இடம் மட்டும் அழுக்கேறிப் பளபளக்கிறது.

உமாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் உறவினர்களை வரையச் சொன்னபோது சித்தியை மொட்டைத் தலையோடு வரைந்தாள். அவளுக்குத் தெரிந்த சித்தி அதுதான். பொங்கலன்று வசந்தா தபால் ஆபீசில் காத்திருந்து டிரங்க் கால் போட்டாள். உமா போனை எடுத்து, "அம்மா, லம்ப்பி ஆன்ட்டி கூப்பிட்றாங்க," என்று கத்தினாள்.

"அது இன்னா பேருக்கா?" என்றாள் வசந்தா.

"செல்லப் பேரு," என்றேன்.

"நல்லா கீது," என்று சிரித்தாள். மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

8

தீபாவளிக்குச் சில நாள் முன்பு இவருடைய மாணவன் ஒருவன் ரகசியமாகப் போன் செய்தான். பத்தாவது வருஷ விருந்துக்கு ஆசிரியரின் முகத்தையே செதுக்கி வைத்து அவரைத் திகைக்க வைக்கப் போகிறார்களாம். பழைய முறைப்படி ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வேண்டும், முகம் நேராக, விளக்கு ஒரு பக்கமாக. வீட்டில் என்னால் எடுக்க முடியுமா என்று கேட்டான். முடியும் என்றேன்.

தீபாவளியன்று இவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். நல்ல நாள், ஊர்க் கண் படக் கூடாது என்று சொல்லி இடது கன்னத்தில் மை வைத்தேன். "நான் என்ன கொழந்தையா?" என்று புறங்கையால் துடைத்தார். அழகாக இழுத்துக்கொண்டு போனது. மூக்குக்கும் நெற்றிக்கும் கொஞ்சம் பவுடர் போட்டு, மேசை விளக்கை நகர்த்தி, படம் எடுத்தேன். ஊருக்கு அனுப்ப என்று சொன்னதும் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

போன சனிக்கிழமை துணியை விலக்கினார்கள். வெள்ளை வெளேரென்று இவர் முகம், மொட்டைத் தலை, மூடிய கண், இடது கன்னத்தில் புளியங்கொட்டை. அப்புறம் அந்த அறை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இவர் அந்த மாணவனைப் பார்த்து, இதைச் சரிபார்க்கவில்லையா என்று கேட்டார். அவன் காது சிவக்க, "உங்களிடம் கேட்கச் சங்கடமாக இருந்தது. டேட்டாவைத் தொடக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்," என்றான். துறைத்தலைவர் வந்து கட்டை விரலால் கட்டியைத் தேய்த்தார். தலைவர் மனைவி சும்மா இருக்கவில்லை, பிளாஸ்டரை விட்டுவிட்டு இவருடைய நிஜக் கன்னத்துக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

காரில் வரும்போது, "மை வச்சது நீதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நீங்கதான் தொடச்சிட்டீங்களே," என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அது மை என்று இவருக்குத் தெரியும். நிறம், சரிவு இல்லை என்று இவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் உலகத்தில் இல்லை. ஆனால் துறையில் இரண்டு பேர், டாக்டரைப் பார்த்தீர்களா என்று விசாரித்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் நிற்கிறார்.

இன்று காலை கதவு திறந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தார். பிறகு கண்ணமங்கலத்தை விட்டு வந்த நாளிலிருந்து இவர் வாயில் வராத ஊர்ப் பேச்சு வந்தது.

"கொஞ்சம் இன்னான்னு பாரு. ஏதாவது தெரியுதா?"

வெளிச்சத்துக்கு வரச் சொன்னேன். வந்து நின்றார். கட்டை விரலை வைத்து அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"மேல தெரியாதுங்க. உள்ள இருக்கும்."